நம்ம ஊர் வங்கி விழுந்த அந்தப் பத்து நாள்: கரூர்க்காரர்கள் பேசுவோம்

அமராவதிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நேற்று சாயங்காலம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. "இந்த வாரத்துக்குள்ள பணத்தை எடுத்துடுங்க, பேங்க்கை மூடப் போறாங்க" என்று யாரோ ஒருவர் பதற்றமாகப் பேசுகிறார். எந்த வங்கி, பேசுவது யார், எப்போது பேசியது, எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் எதிர்வீட்டு அக்கா பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். "தம்பி, நெசமா?"

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2020 நவம்பரில் இந்த ஊரில் நடந்ததை அவர் பார்த்தவர். வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்தப் பயம் ஊரை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழை.

நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். ராத்திரி டிவியில் கீழே ஓடும் எழுத்தில்தான் முதலில் பார்த்தோம். லட்சுமி விலாஸ் வங்கிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு. மாலை 6 மணியிலிருந்து டிசம்பர் 16 வரை ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். "நம்ம லட்சுமி விலாஸா? நம்ம ஊருதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வி புரியாது. 1926-ல் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியார் தலைமையில் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1916-ல், கரூர் வைசியா பேங்க். இத்தனை சின்ன ஊரில் இரண்டு வங்கி பிறந்தது என்பது எங்களுக்குப் பெரிய கௌரவம். எங்கள் தாத்தா காலத்தில் 'பேங்க்' என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோதே கிளை வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். கொரோனா காலம், தரையில் வெள்ளை பெயின்ட்டில் வட்டம் போட்டிருந்தது. ஒருவரும் வட்டத்துக்குள் நிற்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போனதும் பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "என் நகை இருக்குதா சாமி?" என்றார். நகைக்கடனுக்கு வைத்த ஒரு சங்கிலி, இரண்டு வளையல். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து வெளியே வந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நகை உள்ளேதான் இருக்குங்க பாட்டி, யாரும் தொட முடியாது" என்று சொன்னார். அந்தப் பெண்ணின் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் வேலை இருக்குமா இல்லையா என்று அன்றைக்கு அவருக்கே தெரியாது.

எனக்கு ஆத்திரம் வங்கி விழுந்ததில் மட்டும் இல்லை. அது வருடக்கணக்காக விழுந்துகொண்டே இருந்தது, ஊருக்குத் தெரியவில்லை. 2018 மார்ச்சோடு முடிந்த வருடத்தில் 584 கோடி நஷ்டம். அடுத்த வருடம் 894 கோடி. அதற்கும் அடுத்த வருடம் 836 கோடி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போட்டுச் சீராக்கும் 'உடனடித் திருத்த நடவடிக்கை'யின் கீழ் கொண்டுவந்தது. இதெல்லாம் ஆங்கிலப் பேப்பர்களின் வணிகப் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. நான் வாங்கும் தமிழ்ப் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் ஒரு வரி படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மாரியம்மன் கோயில் கம்பம் ஆற்றுக்குப் போனது வரும், லாரி கவிழ்ந்தது வரும். ஊரின் பணம் இருக்கும் இடம் ஆட்டம் காண்பது வரவில்லை.

அந்தப் பத்து நாளை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? எழுதுங்கள்.

தறிச்சத்தம்

அண்ணே, நல்ல இழை. எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் கதையைச் சொல்கிறேன். பெட்ஷீட் தறி, ஆள் பதினெட்டு பேர். கரூரில் சனிக்கிழமை வாரக்கூலி தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் சனிக்கிழமை 21-ம் தேதி. கரண்ட் அக்கவுண்ட்டில் ஏற்றுமதிக்காரர் போட்ட பணம் லட்சக்கணக்கில் கிடக்கிறது, கையில் எடுக்க முடிவது 25,000. நூல் கடைக்குக் கொடுத்த செக் வேறு.

மனுஷன் வெள்ளிக்கிழமை ராத்திரி என்னிடம் வந்தார். நான் ஒரு நாற்பதாயிரம் கொடுத்தேன், அவர் மச்சான் ஒரு முப்பதாயிரம் கொடுத்தார். சனிக்கிழமை ஆளுக்குப் பாதிக் கூலி. தறிக்காரர்கள் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. "பேங்க்கே இப்படின்னா முதலாளி என்ன பண்ணுவாரு" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் நாலு பேருக்கு அதே வங்கியில்தான் கணக்கு.

இன்னொன்று. 'மொராட்டோரியம்' என்று டிவியில் சொன்னதும் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள். அந்த வருடம் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கடன் தவணையைத் தள்ளிவைக்க அதே வார்த்தையைத்தானே சொன்னார்கள்! மறுபடியும் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம். ஒரே வார்த்தை, மார்ச்சில் வரம், நவம்பரில் சாபம். மார்ச்சில் நாம் கடன் கட்டுவதை நிறுத்திவைத்தார்கள், நவம்பரில் நம் பணத்தை எடுப்பதை நிறுத்திவைத்தார்கள். இதை யாராவது தமிழில் விளக்கியிருக்கலாம்.

ஓய்வு கேஷியர்

நான் வேறொரு வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொதுவில் பதிவான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கரூரில் வளர்ந்த வங்கிகளின் பலம் என்ன? ஜவுளி வியாபாரி, மளிகை மண்டி, பஸ் பாடி கட்டுகிறவர், விவசாயி. கடன் வாங்குகிறவரின் வீடு எது, அவர் வியாபாரம் எப்படி, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வரப்போகிறதா என்பது வரை மேலாளருக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் இல்லாத தகவல் அது. லட்சுமி விலாஸ் அந்த வட்டத்தை விட்டு வெளியே போய்ப் பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்ததில்தான் சிக்கல் தொடங்கியது. டெல்லியில் இருக்கும் கம்பெனியைப் பற்றிக் கரூர் வங்கிக்கு என்ன தெரியும்?

எல்லாரும் சொல்லும் உதாரணம் ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனத்தின் விவகாரம். அந்த நிறுவனம் போட்டிருந்த கிட்டத்தட்ட 790 கோடி ரூபாய் வைப்புத் தொகையை, அதன் முன்னாள் முதலாளிகளான சிங் சகோதரர்களின் கம்பெனிகள் வாங்கிய கடனுக்காக வங்கி எடுத்துக்கொண்டது என்று புகார். 2019 செப்டம்பரில் டெல்லி போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு வந்ததும் அதே மாதம்தான்.

அப்புறம் ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். இந்தியாபுல்ஸ் என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையக் கேட்டார்கள், 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. கிளிக்ஸ் கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனத்தோடு 2020-ல் பேசினார்கள், முடியவில்லை. 2020 செப்டம்பர் 25 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். என் சர்வீஸில் நான் கேள்விப்பட்டிராத விஷயம் அது. அன்றைக்கே என் மனைவியிடம், "இன்னும் இரண்டு மாதம்" என்று சொன்னேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு வங்கி நூறு ரூபாய் கடன் கொடுத்தால் சொந்த மூலதனம் 9 ரூபாயாவது இருக்க வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. 2020 செப்டம்பரில் லட்சுமி விலாஸுக்கு அந்த விகிதம் மைனஸ் 2.85. பூஜ்யத்துக்கும் கீழே. கொடுத்த கடனில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வாராக்கடன். அந்த நிலையில் அரசு கை வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருச்சி ரோடு

கேஷியர் சார், மரியாதையோடு மறுக்கிறேன். டெபாசிட்டைக் காப்பாற்றினார்கள், சரி. பங்கு வைத்திருந்தவர்களை ஏன் அப்படித் துடைத்தெறிந்தார்கள்?

அதே 2020 மார்ச்சில் யெஸ் பேங்க். அதற்கும் கட்டுப்பாடு, 50,000 ரூபாய் வரம்பு. ஆனால் ஸ்டேட் வங்கி தலைமையில் பணம் போட்டு எழுப்பினார்கள். பங்குதாரர்களின் பங்கில் முக்கால் பாகத்தை மூன்று வருடம் விற்கக் கூடாது என்று பூட்டினார்கள், அழிக்கவில்லை. இங்கே? நவம்பர் 17 மாலை கட்டுப்பாடு, அன்று ராத்திரியே இணைப்புத் திட்ட வரைவு. ஆட்சேபனை சொல்ல 20-ம் தேதி மாலை வரை நேரம். மூன்று நாள்! 27-ம் தேதி சிங்கப்பூர் டிபிஎஸ்ஸின் இந்திய வங்கியோடு இணைப்பு. பங்கு முழுவதும் பூஜ்யம். 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரமும் போனது. ஐநூற்றுச் சொச்சம் கிளைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வங்கி ஊழியர் சங்கமே எதிர்த்ததே.

பெரிய முதலாளிகளுக்காக நான் பேசவில்லை. இந்த ஊரில் எத்தனை குடும்பத்தில் தாத்தா வாங்கிய பங்கு பேரனுக்கு வந்தது தெரியுமா? விற்கவே மாட்டார்கள். மகள் கல்யாணத்துக்குக்கூட விற்க மாட்டார்கள். "நம்ம பேங்க்" என்று வைத்திருந்தார்கள்.

ஓய்வு கேஷியர்

@திருச்சி ரோடு, உங்கள் கோபம் நியாயம். மூன்று நாள் அவகாசம் போதாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பங்கு என்றால் வியாபாரத்தில் கூட்டு. கடை மூழ்கினால் கடனுக்குப் பிறகு மிச்சம் இருப்பதுதான் கூட்டாளிக்கு. மூலதனமே மைனஸில் இருந்த வங்கி அது. டிபிஎஸ் 2,500 கோடி கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. பழைய பங்குக்கு என்ன விலை போடுவது?

யெஸ் பேங்க்கையும் இதையும் ஒரே தராசில் வைக்கவில்லை என்பது மட்டும் எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. அங்கே பத்திரம் வைத்திருந்தவர்களின் 8,400 கோடிக்கு மேல் அழித்தார்கள், பங்கை விட்டுவைத்தார்கள். இங்கே பங்கையும் விடவில்லை. விதி ஒன்றாக இருக்க வேண்டும்.

அமராவதிக்கரை

நீங்கள் இருவரும் சொல்வதிலிருந்து என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் டெபாசிட்டையும் பங்கையும் இரண்டாகப் பார்க்கவே இல்லை. இரண்டும் 'நம்ம பேங்க்கில் போட்ட பணம்'. ஒன்று கடன், இன்னொன்று கூட்டு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது யார்? மூன்று வருடம் நஷ்டக் கணக்கு வந்தபோது, "உங்கள் டெபாசிட்டுக்கு இது இத்தனை பாதுகாப்பு, உங்கள் பங்குக்கு எதுவும் இல்லை" என்று இரண்டு பத்தி நம் மொழியில் வந்திருந்தால், தாத்தா பங்கை எத்தனை பேர் நேரத்தோடு விற்றிருப்பார்கள்!

நவம்பர் 25-ஐ நினைத்துப் பாருங்கள். இணைப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த நாள். அன்றைக்குத் தமிழ்நாட்டு டிவியில் என்ன ஓடியது? நிவர் புயல். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். மாநிலம் முழுக்க அரசு விடுமுறை. புயல் செய்தி முக்கியம்தான், உயிர் விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்பாவும் நானும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேனல் சேனலாகத் தேடினோம். வங்கிக்கு இரண்டு வரி, அப்புறம் மறுபடி கடலூர், மறுபடி புதுச்சேரி. 'டிபிஎஸ்' என்றால் என்ன, யார் என்று கடைசியில் பெங்களூரில் இருக்கும் தங்கைதான் போனில் சொன்னாள்.

கும்பகோணத்து மருமகள்

நான் கும்பகோணத்தில் பிறந்து கரூருக்கு வாழ வந்தவள். எங்கள் ஊர் சிட்டி யூனியன் வங்கி 1904-ல் தொடங்கியது. அதனால் 'ஊர் வங்கி' என்ற பாசம் எனக்கும் புரியும்.

ஆனால் அண்ணா, இது புதுசு இல்லை. 1990-ல் தஞ்சாவூர் வங்கி இந்தியன் வங்கியோடு போனது. 2001-ல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா ஐசிஐசிஐயோடு சேர்ந்தது. அந்த இந்தியன் வங்கியே 1906-ல் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி திவாலானதால் பிறந்ததுதானே. அப்போதும் ஜனங்கள் சேமிப்பைப் பறிகொடுத்துவிட்டு நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் 1907-ல் நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று ஆரம்பித்தார்கள்.

என் மாமியார் இதை வேறு மாதிரி சொல்வார். "பேங்க்குல போட்டதுக்கு ஆளு இருக்குது, ஃபைனான்ஸ்ல போட்டதுக்குத்தான் ஆளு இல்ல." தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கையை விரித்தபோது பணத்தை இழந்தவர் அவர். அதற்கப்புறம்தான் 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைக் காக்கச் சட்டமே வந்தது. இன்றைக்கும் கூடுதல் வட்டி என்று கேட்டால் அவர் கதவைச் சாத்திவிடுவார்.

சணப்பிரட்டி

பெயர் சொல்ல விரும்பாத ஒரு வங்கியில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பணத்தை ஃபிக்சட் போடப் போனார். "இதுவும் அதே மாதிரிதான் சார், வட்டி கூட வரும்" என்று ஒரு படிவத்தில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாம் ஆங்கிலம். அடுத்த வருடம் "பிரீமியம் கட்டவில்லை" என்று மெசேஜ் வந்தபோதுதான் அது இன்சூரன்ஸ் பாலிசி என்றே தெரிந்தது. பாலிசி கைக்கு வந்த முதல் சில வாரத்தில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தால் பணம் வந்திருக்கும். அந்த நாளும் தாண்டிவிட்டது. அப்பா அதை நினைத்து ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

அமராவதிக்கரை அண்ணன் சொல்வதுதான். ஏமாந்தது படிப்பு இல்லாததால் இல்லை, அப்பா அந்தக் காலத்து பி.காம். நம்பினார், அவ்வளவுதான்.

தறிச்சத்தம்

@சணப்பிரட்டி, அப்படி இருந்தால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு கட்ட வேண்டியதில்லை. 2021-லிருந்து எல்லா வங்கிக்கும் ஒரே திட்டம். 14448-க்குக் கூப்பிட்டால் தமிழிலும் பேசுகிறார்கள். என் ஏடிஎம் பணம் ஒரு முறை அப்படித்தான் திரும்பி வந்தது.

எதிர்வீட்டு வாசல்

எல்லாரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரே கேள்வி. வங்கி விழுந்தால் டெபாசிட்டுக்கு அஞ்சு லட்சம் இன்சூரன்ஸ் என்கிறார்களே, ஒரே வங்கியில் அஞ்சு ஃபிக்சட், ஒவ்வொன்றும் அஞ்சு லட்சம் என்றால் இருபத்தஞ்சும் வருமா?

ஓய்வு கேஷியர்

வராதுங்க. இது பலருக்கும் தெரியாது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் இருக்கும் சேமிப்பு, ஃபிக்சட், ரெக்கரிங், கரண்ட் அத்தனையும், எத்தனை கிளையில் இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். வேறு வங்கியில் இருப்பதற்குத் தனியாக 5 லட்சம். கணவன் பெயரில் தனியாக, மனைவி பெயரில் தனியாக இருந்தால் இருவருக்கும் தனித்தனி.

1960-ல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகுதான் இந்தக் காப்பீடே வந்தது. 1962-ல் தொடங்கியபோது வரம்பு 1,500 ரூபாய். 1993-லிருந்து ஒரு லட்சத்திலேயே நின்றிருந்தது. பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் 2019-ல் ஜனங்களை முதலில் வெறும் 1,000 ரூபாய்தான் எடுக்கவிட்டார்கள் இல்லையா, அந்தக் கூக்குரலுக்குப் பின்னால் 2020 பிப்ரவரி 4-லிருந்து ஐந்து லட்சம் ஆனது. 2021-ல் சட்டத்தைத் திருத்தி, இப்படிக் கட்டுப்பாடு விதித்தால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் கைக்கு வர வேண்டும் என்று ஆக்கினார்கள்.

இதில் எது சேராது என்பதுதான் நம் மாவட்டத்துக்கு முக்கியம். ஃபைனான்ஸ் கம்பெனி சேராது. ஏலச்சீட்டு சேராது. நம் கிராமங்களில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட டெபாசிட்டும் இந்தக் காப்பீட்டில் சேராது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி சேரும். பலகையில் 'வங்கி' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லட்சுமி விலாஸில் இந்தக் காப்பீட்டுக்கு வேலையே வரவில்லை. பத்து நாளில் முழுப் பணமும் திரும்பக் கையில் இருந்தது. அந்தப் பத்து நாளிலும் வைத்தியம், படிப்பு, கல்யாணச் செலவுக்கு 5 லட்சம் வரை எடுக்க ரிசர்வ் வங்கி அனுமதியோடு வழி இருந்தது. கார்த்திகை முகூர்த்தத்துக்கு நாள் குறித்தவர்கள் எத்தனை பேர் அது தெரியாமல் வட்டிக்கு வாங்கினார்களோ.

திருச்சி ரோடு

இந்தக் கடைசி விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் சார். எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம் அந்த மாதம்தான். மூன்று வட்டிக்கு வாங்கினார்கள்.

அமராவதிக்கரை

கேஷியர் ஐயா எழுதியதை அப்படியே எடுத்து எங்கள் தெருக் குழுவில் போட்டிருக்கிறேன், உங்கள் அனுமதி இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்தக் குரல் பதிவுக்குக் கீழேயே போட்டேன். எதிர்வீட்டு அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே போய்த் தன் பாஸ்புக்கோடு இன்னும் மூன்று பாஸ்புக் எடுத்து வந்தார். ஒன்று, இறந்துபோன அவர் வீட்டுக்காரர் பெயரில். கடைசி வரவு 2011. நாமினி என்ற இடம் காலி.

பத்து வருடம் தொடாத கணக்குப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனால் வாரிசு கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று படித்திருக்கிறேன். அதைத் தேடுவதற்கு 'உத்கம்' என்று ஒரு தளமும் 2023-ல் திறந்திருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் தவிர வேறு என்ன கேட்பார்கள்? திங்கட்கிழமை காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போகிறேன். ஐயா, அதற்குள் பதில் போட முடிந்தால் உதவியாக இருக்கும்.